சட்டம் முதல் நாளே வந்தது: அந்தமான் குழந்தைகளும் உறுப்பு மாற்றின் நிலவியலும்

1995 பிப்ரவரி 4 அன்று மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அது இந்தியா முழுமைக்கும் வந்துவிடவில்லை. கோவா, இமாச்சலப் பிரதேசம், மகாராட்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களும் அனைத்து ஒன்றியப் பகுதிகளும் மட்டுமே அன்று அதன் ஆளுகைக்குள் வந்தன. தமிழ்நாடு அப்பட்டியலில் இல்லை. சட்டமன்றத் தீர்மானத்தின் வழியே பின்னர்தான் அது இச்சட்டத்தை ஏற்றது. அந்தமான் நிக்கோபார் தீவுகளோ ஒன்றியப் பகுதி என்ற ஒரே காரணத்தால் முதல் நாளிலேயே சட்டத்திற்குள் இருந்தன. ஆவணத்தின்படி பார்த்தால், சென்னைக் குழந்தைக்கு முன்பே போர்ட் பிளேர்க் குழந்தைக்கு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அக்குழந்தை ஒரு கல்லீரலுக்காக 1,190 கிலோமீட்டர் கடலைக் கடந்து சென்னைக்கோ அதற்கும் அப்பாலோ வந்தாக வேண்டியிருக்கிறது. இவ்விரு உண்மைகளும் ஒரே வரலாற்றின் பகுதிகள்தாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் ஏன் இப்படித் துண்டு துண்டாக வந்தது? அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. எனவே நாடாளுமன்றம் இப்பொருளில் சட்டமியற்ற, 252ஆம் உறுப்பின்படி மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கோர வேண்டும். ஒன்றியப் பகுதிகளுக்கு அந்தத் தடையில்லை. 1956 நவம்பர் 1 முதல் ஒன்றியப் பகுதியாக உள்ள அந்தமானுக்குச் சட்டமன்றமே கிடையாது. ஆதலால் அங்கே எவரும் கோராமலும் விவாதிக்காமலும் சட்டம் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறானது. வில்லிவாக்கத்தின் வறிய குடும்பங்கள் சிறுநீரகத்தை விற்ற கதை 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் நாளேடுகளில் வெளிவந்து, அப்பகுதிக்கு இழிவான பட்டப்பெயர் ஒன்றும் வாய்த்த பிறகு, பெரும் விவாதத்தின் ஊடாகவே சட்டம் இங்கே நுழைந்தது. விவாதம் நடந்த இடத்தில் அமைப்புகள் உருவாயின. கேளாமல் வந்த சட்டம் தீவுகளில் கேட்பாரற்றுக் கிடந்தது.

தீவுகளின் மருத்துவ வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் இது புதிதன்று என்பது விளங்கும். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் நிறுவிய முதல் குடியேற்றம், நோயும் சாவும் தாங்காமல் 1796இல் கைவிடப்பட்டது. 1858இல் தண்டனைக் குடியேற்றத்தை நடத்த வந்த முதல் கண்காணிப்பாளர் ஜே. பி. வாக்கர் ஒரு மருத்துவர். சிறைகளை நடத்திப் பழகிய மருத்துவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே மருத்துவத்தின் பணி கைதியை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது. அதே குடியேற்றத்தின் வழியே 1877இல் பரவிய தட்டம்மை பெரும் அந்தமானியப் பழங்குடியினரிடையே பேரழிவை விளைவித்தது. மருத்துவமும் நோயும் ஒரே கப்பலில் வந்த இடம் அது.

விடுதலைக்குப் பின் மக்கள் அங்கே தாமாகச் சென்று குவியவில்லை. பெரும்பகுதியினரை அரசு திட்டமிட்டுக் குடியமர்த்தியது. கிழக்கு வங்க அகதிகள் 1949 முதல் கொண்டுசெல்லப்பட்டனர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் அமர்த்தப்பட்டனர். பெரிய நிக்கோபாரில் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. தொலைதூரத்தில் வாழ்வதைத் தேர்ந்தவர்கள் அதன் விலையைக் கொடுக்கத்தானே வேண்டும் என்று சிலர் வாதிடுவதுண்டு. கச்சால் தோட்டத் தொழிலாளியின் பேரக்குழந்தையிடம் அவ்வாதம் செல்லாது. அந்தத் தொலைவை அவர்களுக்குத் தேர்ந்து கொடுத்தது அரசு. நிக்கோபாரியருக்கோ அது தொலைவே அன்று. அவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள், மையம்தான் வேறெங்கோ எழுந்தது.

குழந்தைகளின் உறுப்பு மாற்றுக்குத் தனி வரலாறு உண்டு. பலரும் நினைப்பதுபோல் அது பெரியவர்களுக்கான சிகிச்சையின் பிற்சேர்க்கை அன்று. 1963 மார்ச்சில் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் மேற்கொண்ட முதல் கல்லீரல் மாற்று மூன்று வயதுக் குழந்தைக்குச் செய்யப்பட்டது. குழந்தை பிழைக்கவில்லை. 1967இல் கிறிஸ்டியன் பர்னார்டின் புகழ்பெற்ற இதய மாற்று நடந்த மூன்றாம் நாளே, நியூயார்க்கின் புரூக்ளினில் ஏட்ரியன் காண்ட்ரோவிட்சு ஒரு பச்சிளங்குழந்தைக்கு இதயம் மாற்றினார். அக்குழந்தை சில மணி நேரமே வாழ்ந்தது. தொடக்கம் முதலே குழந்தைகள் இவ்வறிவியலின் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு எதிராக நின்றது அளவு. பெரியவரின் கல்லீரல் குழந்தையின் வயிற்றுக்குள் அடங்காது. குழந்தைக் கொடையாளரோ அரிது. 1989இல் பிரிஸ்பேனில் ரசல் ஸ்ட்ராங், தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டபின் நிலைமை மாறியது. அன்றிலிருந்து குழந்தையின் கல்லீரல் மாற்று பெரிதும் குடும்பத்திற்குள் நிகழும் நிகழ்வாயிற்று. 1997இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஐந்து நாள் சிசுவுக்குக் கல்லீரல் மாற்றியவர் தமிழ்நாட்டில் பிறந்த முகமது ரேலா.

இந்தியாவில் குழந்தைக்கான முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று 1998 நவம்பரில் நடந்தது. இரண்டு வயது நிறையாத அக்குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. கொடையாளர் தந்தை. அறுவை நடந்த இடம் தில்லி அப்போலோ. (அக்குழந்தை பின்னாளில் மருத்துவரானார் என்பதைச் செய்திகளில் பலர் படித்திருக்கலாம்.) இந்த நிகழ்வு பொதுவாக வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. வரலாற்று மாணவர் அதில் வேறொன்றையும் பார்க்க வேண்டும். 1998இல் கல்லீரல் வேண்டிய ஒரு தமிழ்க் குழந்தைக்குச் சென்னை மையமாக இல்லை. தமிழ்நாடு அன்று விளிம்பு. பத்து ஆண்டுகளில் அது தலைகீழானது. மையமும் விளிம்பும் நிலவியல் தரும் கொடைகள் அல்ல என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டியதில்லை.

அந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நிகழ்ந்தது? 2008இல் தமிழ்நாடு அரசு தொடர்ச்சியாக வெளியிட்ட அரசாணைகள் மூளைச்சாவை உறுதிசெய்யும் முறையையும் உறுப்புப் பகிர்வின் வரிசையையும் வகுத்தன. அவ்வாண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன், 15 வயது ஹிதேந்திரன், சாலை விபத்தில் மூளைச்சாவடைந்தபோது பெற்றோர் உறுப்புகளை ஈந்தனர். காவல்துறை வழி ஏற்படுத்த, நகரின் ஊடே விரைந்து சென்ற அவ்விதயம் முகப்பேரில் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. குழந்தையிடமிருந்து குழந்தைக்கு. தமிழ்ச் சமூகத்தின் மனத்தில் 'மூளைச்சாவு' என்ற சொல் குடியேறியது அந்த வாரத்தில்தான். திரைப்படம் பின்னரே வந்தது. அரசாணை, பொது உணர்ச்சி ஆகிய இரண்டுடன் மூன்றாவதாகச் சேர்ந்தது பணம். 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், அதனுடன் இணைந்த உயர்செலவுச் சிகிச்சைகளுக்கான தொகுப்பு நிதியும் ஏழைக் குழந்தைக்கும் மாற்று அறுவையை எட்டக்கூடியதாக ஆக்கின. 2014இல் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்ற அறிவிப்பும் வந்தது.

இந்த அமைப்பைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும் ஒவ்வொரு அமைப்பும் தன்னைச் சுற்றி ஒரு வேலியைக் கட்டுகிறது. காப்பீட்டுக்குத் தமிழ்நாட்டின் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். உறுப்புப் பகிர்வில் தமிழ்நாட்டில் வசிப்போருக்கு முன்னுரிமை, பிற மாநிலத்தவர் பின்னர், அயல்நாட்டினர் இறுதியில். 2018இல் அயல்நாட்டினருக்கு இதயங்கள் சென்றது குறித்து எழுந்த சர்ச்சை இவ்வேலியை மேலும் உறுதிப்படுத்தியது. தன் மக்களின் கொடையில் திரண்ட உறுப்பைத் தன் மக்களுக்கே முதலில் தருவது ஒரு மாநிலத்துக்கு நியாயமே. சிக்கல் எங்கே வருகிறது என்றால், தனக்கென மாற்று மையமும் கொடையாளர் திரளும் இல்லாத ஒரு நிலப்பகுதியை இதே விதியில் வைத்துப் பார்க்கும்போது. ஆந்திரத்துக் குழந்தைக்குத் தமிழ்நாட்டில் இரண்டாம் இடம் என்றால் அதற்கு ஆந்திரத்தில் முதலிடம் உண்டு. அந்தமான் குழந்தைக்கு எங்கும் இரண்டாம் இடம்தான். போர்ட் பிளேரின் கடைத்தெருவில் தமிழ் பேசி, தமிழ்ப் பள்ளியில் படித்து, ஆடிக்குக் கோயில் திருவிழா எடுக்கும் குடும்பமானாலும் சென்னை மருத்துவமனையின் பதிவு மேசையில் அது 'வெளி மாநிலம்'.

ஆவணங்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பு நாட்டை ஐந்து மண்டலங்களாகப் பிரித்தபோது அந்தமான் நிக்கோபாரும் இலட்சத்தீவும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மண்டலத்தில் வைக்கப்பட்டன. நீதிக்கோ தீவினர் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தைச் சார்ந்தவர்கள். வழக்குக்கு வடக்கு, சிறுநீரகத்துக்கு மேற்கு. கோட்பாட்டளவில் ஒதுக்கீட்டு வரிசை மாநிலம், மண்டலம், நாடு என விரிகிறது. முதல் படியிலேயே உறுப்பு தீர்ந்துபோகும் நாட்டில் இரண்டாம் படி என்பது பெரும்பாலும் காகிதத்தில் மட்டும் இருப்பது. 2023 பிப்ரவரியில் ஒன்றிய அரசு இருப்பிடச் சான்று நிபந்தனையை நீக்கி, எந்த மாநிலத்திலும் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. வரவேற்கத்தக்க திருத்தம். ஆனால் அது திறந்தது பதிவேட்டை, வரிசையை அன்று.

இனி காலத்தைப் பற்றி. எடுத்த இதயத்தை ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்குள் பொருத்த வேண்டும். கல்லீரலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை, சிறுநீரகத்துக்கு ஒரு நாள் அல்லது சற்று மேல். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே விமானப் பயணம் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல். கப்பலில் மூன்று நாள். இந்த எண்களை வைத்துத் தீவுகளுக்கு உறுப்பு மாற்று இயலாது என்று முடிவுகட்டுவோர் தவறான கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்பேன். குழந்தைகளைப் பொறுத்தவரை உயிரைக் குடிப்பது உறுப்பின் நான்கு மணி நேரமன்று, நோயறிதலின் அறுபது நாள்.

குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று தேவைப்படுவதற்கு உலகெங்கும் முதன்மைக் காரணம் பிறவிப் பித்தநாள அடைப்பு. பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுவது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவையைப் பிறந்த அறுபது நாளுக்குள் செய்தால் பல குழந்தைகள் சொந்தக் கல்லீரலோடு ஆண்டுக்கணக்கில் வாழ முடியும். தவறினால் மாற்று ஒன்றே வழி. அடையாளம் மிக எளிது: மஞ்சள் காமாலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும், மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும். அதைப் பார்த்துச் சொல்ல ஊர்ச் செவிலியர் போதும். சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் நிலவியல் குறுக்கிடுகிறது. பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் பே, போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 540 கிலோமீட்டர். கப்பல் அட்டவணை, பருவக்காற்று, ஹெலிகாப்டரில் இடம் ஆகியவற்றைக் கடந்து கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையை அடைய வேண்டும். தீவுகளின் இறுதி மேல்சிகிச்சை இடம் அதுவே. 2015 முதல் அங்கே மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதம், பின் மெயின்லேண்ட். தீவு மக்கள் எந்த மொழியில் பேசினாலும் அந்த ஆங்கிலச் சொல்லையே வழங்குகிறார்கள். இப்படிகளில் ஒவ்வொன்றிலும் சில நாள் கழிந்தால் அறுபது நாள் என்பது மிகக் குறுகிய காலம்.

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. ஆண்டுக்குச் சில ஆயிரம் பிறப்புகளே நிகழும் இடத்தில் இந்நோயோடு பிறக்கும் குழந்தை சில ஆண்டுகளுக்கு ஒன்று. இத்தொகைக்காக ஒரு குழந்தைக் கல்லீரல் மையத்தை எழுப்புவது அறிவுடைமையன்று. ஆண்டுக்குப் பல அறுவைகள் செய்யாத மையத்தில் குழந்தைகள் பிழைப்பதும் கடினம். ஆகவே 'தீவுக்கு ஒரு மையம்' என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் அதே எண் எதிர்த் திசையிலும் பேசுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒரு குழந்தை என்றால், அக்குழந்தையின் முழுச் செலவையும் பயணத்தையும் சென்னையில் ஓராண்டு வாடகையையும் ஒன்றிய அரசு ஏற்பது எந்தக் கணக்கிலும் பெருஞ்சுமை ஆகாது. ஆயுஷ்மான் பாரத் 2018 முதல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தனியார் மருத்துவமனையில் குழந்தைக் கல்லீரல் மாற்றின் செலவு இதன் பல மடங்கு. தமிழ்நாட்டுக் குழந்தைக்கு அந்த இடைவெளியை மாநிலத் தொகுப்பு நிதி நிரப்புகிறது. சட்டமன்றமற்ற ஒன்றியப் பகுதியின் குழந்தைக்கு?

சட்டத்தின் உறவுமுறைப் பட்டியலும் தீவுக் குடும்பத்தை வேறுவிதமாகத் தாக்குகிறது. 1994 சட்டத்தில் 'நெருங்கிய உறவினர்' என்பது துணைவர், பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர். 2011 திருத்தம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியரைச் சேர்த்தது. தாய்மாமன் இல்லை, சித்தப்பா இல்லை, அத்தை இல்லை. காதுகுத்துக்கு மடியில் அமர்த்தும் மாமனைச் சட்டம் அயலார் வரிசையில் நிறுத்தி, ஒப்புதல் குழுவின் முன் அனுப்புகிறது. வணிகத்தைத் தடுக்க வகுத்த விதி அது. வில்லிவாக்கம் நினைவிருக்கும்வரை அதன் தேவையை மறுக்க முடியாது. நகரத்துக் குடும்பத்துக்கு அது ஒரு வாரத் தாமதம். தீவுக் குடும்பத்துக்கோ இருப்பிடச் சான்றுக்கும் உறவுச் சான்றுக்கும் மீண்டும் கடல் கடக்கும் வேலை. தந்தை கொடையாளராகவும் தாய் துணையிருப்பவராகவும் சென்னையில் இருக்க, மற்றக் குழந்தைகள் தீவில் யாருடைய பொறுப்பில் இருப்பார்கள் என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

சிறுநீரகம் செயலிழந்த குழந்தைகளின் நிலை இன்னும் நீண்டது. அவர்கள் காத்திருக்கும் காலமே சிகிச்சையாகிறது. 2016இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தை மையமாகக் கொண்டிருந்தது. சிறு குழந்தையின் மெல்லிய இரத்தக்குழாய்க்கு அது கடினம்; வாரம் மூன்று முறை மருத்துவமனைக்கு வருவது தீவு விட்டுத் தீவு வாழ்வோருக்கு அதைவிடக் கடினம். வீட்டிலேயே செய்யக்கூடிய வயிற்றறை டயாலிசிஸுக்கான வழிகாட்டுதல் 2019இல்தான் வந்தது. ஹாங்காங் 1985 முதலே அம்முறைக்கு முன்னுரிமை அளித்து வருகிறது. நம் தீவுகளுக்குப் பொருந்திய முறை முப்பது ஆண்டு தாமதமாகத் திட்டத்தில் நுழைந்தது என்பது, திட்டங்கள் எந்த ஊரை மனத்தில் வைத்து வகுக்கப்படுகின்றன என்பதைக் காட்டுகிறது.

பிற நாடுகள் இக்கேள்வியை எதிர்கொண்ட விதத்தில் ஒன்றை மட்டும் சுட்டலாம். அமெரிக்கா 2005இல், 35 வயதுக்குட்பட்ட கொடையாளரின் சிறுநீரகங்களில் குழந்தைகளுக்கு முன்னுரிமை தந்தது. 2021இல் பழைய எல்லைக் கோடுகளைக் கைவிட்டு, கொடையாளர் மருத்துவமனையைச் சுற்றி 250 கடல்மைல் வட்டத்துக்குள் உள்ளோருக்குச் சிறுநீரகத்தை முதலில் வழங்கும் முறைக்கு மாறியது. அப்போது அலாஸ்கா இடர்ப்பாடாக நின்றது, ஏனெனில் அங்கே மாற்று மையம் இல்லை. விதியை வகுத்தோர் அலாஸ்காவின் கொடையாளருக்குச் சியாட்டில் விமான நிலையத்தையே இருப்பிடமாகக் கொண்டு கணக்கிட்டனர். ஒரு தொலைநிலத்தை வரைபடத்தில் எடுத்துக் கரையோடு ஒட்டிவைத்தது போல. அந்தமானைச் சென்னை மீனம்பாக்கத்தோடு அவ்வாறு ஒட்டிவைக்க, அதாவது தீவுக் குழந்தையைத் தமிழ்நாட்டு வரிசையில் உள்ளூர்க் குழந்தையாகக் கொள்ள, புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மாநிலத்துக்கும் ஒன்றியப் பகுதிக்கும் இடையே ஓர் உடன்படிக்கை போதும். அதற்கு ஈடாகத் தீவில் மூளைச்சாவு நிகழும்போது கொடைக்கு வழிவகுக்க, போர்ட் பிளேர் மருத்துவமனையை உறுப்பு எடுக்கும் மையமாகப் பதிவு செய்ய 2011 திருத்தமே இடம் தருகிறது. சிறுநீரகம் விமானத்தில் வரக் காலம் உண்டு.

இவை ஏன் நிகழவில்லை என்பதற்கு ஒரு காரணத்தை நம் புள்ளிவிவர மரபிலேயே காண்கிறேன். தேசிய அமைப்பின் ஆண்டு அட்டவணைகள் மாற்று அறுவைகளை மாநில வாரியாகத் தருகின்றன. அவற்றில் மாநிலம் என்பது அறுவை நடந்த மருத்துவமனையின் மாநிலம். கச்சாலிலிருந்து வந்த குழந்தைக்குச் சென்னையில் கல்லீரல் பொருத்தினால் அது தமிழ்நாட்டின் எண்ணிக்கையில் சேரும். வராமலே இறந்த குழந்தை எந்த வரிசையிலும் சேராது. நோயாளியின் வசிப்பிடம் மருத்துவமனைப் பதிவில் இருக்கிறது, அட்டவணைக்கு வரும்போது உதிர்ந்துவிடுகிறது. போர்ட் பிளேரின் பரிந்துரைப் பதிவேடுகளையும் சென்னை, வேலூர், கொல்கத்தா மருத்துவமனைகளின் சேர்க்கைப் பதிவுகளையும் அருகருகே வைத்து, 1995 முதல் எத்தனை குழந்தைகள் அனுப்பப்பட்டனர், எத்தனை பேர் வந்து சேர்ந்தனர், அவர்களில் எத்தனை பேருக்கு உறுப்பு கிடைத்தது என்று எண்ணுவது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதிய பணி. மருத்துவ வரலாற்றிலோ தீவு ஆய்விலோ பொருள் தேடும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.